தடைகள் வெளியில் மட்டுமல்ல!

ஒரு சமயத்தை அதன் அண்டை வீட்டார் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் அதன் மறைநூலைப் படித்து அல்ல. அதைப் பின்பற்றுவோரின் வாழ்க்கையைப் பார்த்துத்தான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்தின் மீது பொதுவெளியில் வைக்கப்படும் குறைகள் புதியவை அல்ல. அது அந்நிய நாட்டுச் சமயம் என்பது முதல் குறை. ஒரே கடவுளை வணங்குவோர் ஒன்றோடொன்று ஒட்டாத பல சபைகளாகப் பிரிந்து கிடக்கின்றனர் என்பது இரண்டாவது. சமத்துவம் பேசும் தேவாலயத்துக்கு உள்ளேயும் ஜாதி குடியிருக்கிறது என்பது மூன்றாவது. ஏழைகளின் வறுமையைப் பயன்படுத்தி ஆள் சேர்க்கிறார்கள் என்பது நான்காவது.

இக்குறைகள் எழும்போதெல்லாம் திருச்சபைகள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, சினம் கொண்டு மறுக்கின்றன. அல்லது, சிறுபான்மையினர் என்ற அச்சத்தில் வாய்மூடி இருந்துவிடுகின்றன. மூன்றாவதாக ஒரு வழி உண்டு. சொல்லப்படும் குறையில் உண்மை எவ்வளவு என்று தன்னைத்தானே பரிசோதித்து, உண்மை இருக்குமானால் அதைக் களைவது. அந்தக் கடினமான வழியில் அரை நூற்றாண்டுக் காலம் நடந்தவர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான தமிழர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஆலங்குளம் என விரியும் இந்த வானம் பார்த்த பூமி, அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. தீப்பெட்டியும் பட்டாசும் சிமென்ட் ஆலையும் வருவதற்கு நெடுங்காலம் முந்தைய அந்நாள்களில், மழை பொய்த்தால் பஞ்சம் என்பதே இவ்வூர்களின் நிலை. 1854-ஆம் ஆண்டில் தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து என்ற ஆங்கிலேய மிஷனரி தன் தோழர்களுடன் இங்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். சென்னையில் மிஷன் சங்கத்தின் செயலராக அலுவலகப் பணி பார்த்தவர். அதை விட்டுவிட்டு, ஊருக்கு ஊர் கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு கரிசல் காட்டில் அலைந்தார்.

கண்கூடாக அவருக்குக் கிடைத்த பலன் மிகக் குறைவு. 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியிலேயே அவர் மறைந்தார். ஆனால், அந்தப் பணியில் ஒரு புதுமை இருந்தது. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்தச் செலவில் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சொல்வதை வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள், தங்களைப்போல் பேசி, தங்களைப்போல் உண்டு, தங்களைப்போல் வறுமையையும் அறிந்த ஒருவர் வந்து சொல்வதை வேறுவிதமாகக் கேட்டனர். செய்தி அந்நியமாகத் தோன்றுவதற்குச் செய்தி மட்டுமே காரணமில்லை, கொண்டுவருபவரும் காரணம் என்பதை ராக்லாந்து உணர்ந்திருந்தார். அந்த உணர்வை ஓர் இயக்கமாக மாற்றும் பணி, அரை நூற்றாண்டுக்குப் பின் அசரியாவின் கைக்கு வந்தது.

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காட்டை ஒட்டிய வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17-இல் அசரியா பிறந்தார். தந்தை வேதநாயகம், வணிகம் செய்த நாடார் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவம் தழுவி, அவ்வூர்ச் சபையின் குருவானவரானவர். தாயார் எல்லன், இறைப்பற்றும் கண்டிப்பும் மிக்கவர். நெடுங்காலம் காத்திருந்து, வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் எனப் பெயரிட்டனர். இளம் வயதிலேயே தந்தையை இழந்த அசரியா, மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்று, பின்னர் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வின்போது நோய்வாய்ப்பட்டதால் தேர்வெழுத இயலவில்லை. பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறிய அந்த மாணவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920-இல் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது என்பது பின்னாளைய செய்தி.

1895-ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலராகப் பணியில் சேர்ந்தார். தென்னிந்தியா முழுவதும் சுற்றிவந்து இளைஞர்களைச் சந்திக்கும் வேலை. அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி அவருடைய வாழ்நாள் நண்பரானது இக்காலத்தில்தான். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். தென்னிந்தியப் பெண்களில் கல்லூரிப் படிப்பு வரை சென்ற முன்னோடிகளில் ஒருவர் அவர். பின்னாளில் தெலுங்கு நாட்டுக் கிராமப் பெண்களிடையே அவர் ஆற்றிய பணி, கணவரின் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

அசரியா இவ்வாறு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில்தான் 1899 ஜூன் மாதம் சிவகாசி சூறையாடப்பட்டது. கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்கள் மீது நிகழ்த்தப்பட்ட அந்தத் தாக்குதல் தென் மாவட்டங்களை உலுக்கியது. கமுதி கோயில் வழக்கு 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1939-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. அதே சமூகத்தில் பிறந்த அசரியா, மூடிய கதவின் முன் நிற்பதன் வலியை நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

ஆனால், அவரை வருத்திய கேள்வி இன்னொன்று. திருநெல்வேலி கிறிஸ்தவர்களின் தேவாலயக் கதவு எல்லோருக்கும் உண்மையிலேயே திறந்திருந்ததா? ஒரே சபைக்குள் ஒரு ஜாதியார் இன்னொரு ஜாதியாரின் வீட்டில் உண்ணாத வழக்கம் நீடித்தது. பெண் கொடுக்கல், வாங்கலில் ஜாதியே முதலில் பார்க்கப்பட்டது. ஐரோப்பிய மிஷனரிகளிலும் சிலர் இந்திய ஊழியர்களைத் தம் வீட்டு வரவேற்பறையில் அமரவைக்கத் தயங்கினர். ஜாதிப் படிக்கட்டின் மேல் நிறப் படிக்கட்டும் சேர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை தெரியாமல் இருக்குமா?

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியரைக் கடல் கடந்து தமிழகக் கரைக்கு அனுப்பியிருந்தனர். இதைக் கண்ட அசரியாவுக்கு, ஒரு நூற்றாண்டாக வெளிநாட்டுப் பணத்தில் வளர்ந்த தம் நெல்லைச் சபைகள் இன்னும் கைநீட்டிப் பெறும் நிலையிலேயே இருப்பது உறுத்தியது. அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவானது. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. தேரிக்காட்டுப் பனையேறிகளும் சிறு வணிகர்களும் தந்த காசில், நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல் பகுதிக்கு அச்சங்கம் ஊழியரை அனுப்பியது. 1905 டிசம்பர் 25-இல் வங்காளத்தின் செராம்பூரில், பல்வேறு சபைகளைச் சேர்ந்த இந்தியர்கள் கூடி தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவியபோது அதன் முதல் பொதுச் செயலரும் அவரே. வங்கப் பிரிவினையை எதிர்த்து சுதேசி இயக்கம் கனன்றுகொண்டிருந்த ஆண்டு அது என்பதை மறந்துவிடக் கூடாது. நாடு துணியில் செய்ததை அவர் திருச்சபையில் செய்தார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தான் ஊரில் இருப்பது சரியாகாது என்று அவர் எண்ணினார். 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல் சென்றார். வயது முப்பத்தைந்து. அங்கு பேசப்படும் தெலுங்கு அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் முதலிலிருந்து கற்றார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கிராமம் கிராமமாகச் சென்றார். இந்தியர் ஒருவர் இந்தியருக்கு மிஷனரியாகச் சென்றாலும் மொழியும் பழக்கமும் அந்நியமாகவே இருக்கும் என்பதை அவர் அங்குதான் அறிந்தார். சுதேசி என்பது பிறப்பால் வந்துவிடுவதில்லை; உழைத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது.

மறு ஆண்டு, 1910-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடைபெற்றது. சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடிய அந்த அவையில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களுள் ஒருவராக எழுந்த அசரியா, அவையோர் எதிர்பார்த்த நன்றியுரையை ஆற்றவில்லை. மிஷனரிகளின் தியாகத்தை மனமாரப் பாராட்டிவிட்டு, அவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்டார். அது நட்பு. தம்முடன் ஆண்டுக்கணக்கில் பணிபுரியும் இந்தியரை ஒருமுறைகூட உணவுக்கு அழைக்காதவர்கள், சகோதரத்துவத்தைப் போதிப்பது எப்படிப் பொருந்தும் என்பதே அவருடைய கேள்வியின் சாரம். அவையில் சிலர் முகம் சுளித்தனர், பலர் தலைகுனிந்தனர். அந்த மாநாட்டில் ஆற்றப்பட்ட உரைகளில் இன்றுவரை நினைவுகூரப்படுவது அதுதான்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிறிஸ்தவம் வெள்ளையர் மதம் என்று இந்தியாவில் கூறியோரிடம் அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வெள்ளையரிடமே சென்று, அப்படிக் கூறுவதற்கு நீங்கள் இடம் கொடுத்துள்ளீர்கள் என்று சுட்டிக்காட்டினார். குறையை அது பிறக்கும் இடத்தில் சென்று சந்திக்கும் துணிவு இது.

1912 டிசம்பர் 29-இல் கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இது எளிதில் நடந்துவிடவில்லை. ஓர் இந்தியருக்குக் கீழ் ஐரோப்பியர் எப்படிப் பணிபுரிவர் என்று மிஷனரிகள் சிலர் எதிர்த்தனர். வருத்தத்துக்குரிய செய்தி என்னவெனில், இந்தியக் கிறிஸ்தவர்களில் சிலரும் அவருடைய ஜாதியைச் சுட்டி முணுமுணுத்தனர். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் உறுதியாகத் துணைநின்றதால்தான் அந்த நியமனம் நடந்தது. அன்று தொடங்கி 32 ஆண்டுகள் அவர் தோர்ணக்கல் திருமண்டலத்தை வழிநடத்தினார். தொடக்கத்தில் சிறியதாக இருந்த அத்திருமண்டலம் பின்னர் கிருஷ்ணா, கர்னூல் பகுதிகளையும் உள்ளடக்கி விரிந்தது. அவர் காலத்தில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

அந்த இரண்டு லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்தவர்கள். ஆசை காட்டி ஆள் சேர்ப்பதாகக் கூறப்பட்ட குறை இங்குதான் கூர்மையாக எழுந்தது. அதற்கு அசரியா கண்ட விடை, கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கொடுக்கக் கற்பிப்பது. அன்றாடம் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பெண்கள், உலையில் இடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தனர். கிராமச் சபைகள் தங்கள் போதகரைத் தாங்களே பேணும் நிலைக்கு மெல்ல உயர்த்தப்பட்டன. பெறுபவராகவே வைக்கப்பட்டிருந்த மக்கள் முதன்முறையாகக் கொடுப்பவராயினர். ஒரு மனிதனின் முதுகெலும்பு நிமிர்வதற்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன் நீண்ட பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. குடி, கடன், குழந்தைத் திருமணம் ஆகியவற்றை விட்டொழிப்பது பற்றிப் போதிக்கப்பட்டது. கல்வியோடு கைத்தொழிலும் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. மாலா, மாதிகா பிள்ளைகள் ஒரே விடுதியில் ஒன்றாக உண்டு, உறங்கிப் படித்தனர்.

இதன் விளைவு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நேற்றுவரை தம் வயலில் தலைகுனிந்து நின்றவரின் பிள்ளை படிப்பதையும், வீடு தூய்மையாவதையும், சாராயக் கடைப் பக்கம் போகாததையும் பார்த்த பிற ஜாதியார் சிலர், 1930-களில் தாமாகவே முன்வந்து சபையில் சேர்ந்தனர். உயர்ந்தவர் என்போர் தாழ்ந்தவர் என்போரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அந்த நிகழ்வு, அமெரிக்க மிஷனரி பிக்கெட் 1933-இல் வெளியிட்ட ஆய்விலும் கவனம் பெற்றது.

வழிபாட்டின் தோற்றத்திலும் அவர் அக்கறை கொண்டிருந்தார். தெலுங்குக் கீர்த்தனைகளும் நாட்டு வாத்தியங்களும் ஆராதனையில் இடம்பெற்றன. அறுவடைத் திருவிழாக்கள் சபையின் விழாக்களாயின. ஏறத்தாழ கால் நூற்றாண்டு உழைப்பில் எழுப்பப்பட்டு 1939 ஜனவரி 6-இல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், திராவிட, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கட்டடக் கலை மரபுகளைத் தன்னுள் இணைத்துக்கொண்டு நிற்கிறது. லண்டன் புறநகரிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டதுபோன்ற கூர்மாடக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது ஒரு பிரகடனம். அதே சமயம், ஆங்கிலிக்கன் ஜெப முறையையும் ஒழுங்கையும் அவர் இறுதிவரை விட்டுவிடவில்லை. கண்டிப்பான தந்தையைப் போலத் திருமண்டலத்தை நடத்தினார் என்ற விமர்சனமும் உண்டு. மனிதர்கள் முழுமையானவர்களாக இருப்பதில்லை.

இரண்டாவது குறையான பிரிவினையை எதிர்கொள்ள அவர் எடுத்த முயற்சியே அவருடைய பணிகளில் மிகப் பெரியது. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் நடந்த சண்டைகளின் பெயரால் ஆந்திரக் கிராமத்து விவசாயிகள் ஏன் தனித்தனிக் கோயில்களில் வணங்க வேண்டும் என்று அவர் கேட்டார். இங்கிலாந்துக்காரருக்கு அந்தப் பிரிவுகள் வரலாறு. இந்தியருக்கோ அவை வெறும் சுமை. 1919 மே 1, 2 ஆகிய நாள்களில், 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். தென்னிந்திய சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் விடுத்த அறிக்கையின் பின்னணியில் அசரியா இருந்தார். 1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டிலும் அவர் இதையே வலியுறுத்தினார். மேலை நாடுகளில் ஒற்றுமை என்பது விரும்பத்தக்க ஒன்றாக இருக்கலாம், இந்தியாவிலோ அது திருச்சபையின் உயிர்ப் பிரச்னை என்பது அவர் வாதம்.

மூன்றாவது குறைதான் அவரை வீழ்த்தியது என்று கூறலாம். 1935 அக்டோபரில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று இயோலாவில் அம்பேத்கர் அறிவித்தார். எந்தச் சமயத்தை அவர் தேர்ந்தெடுப்பார் என்று நாடே எதிர்பார்த்திருந்த நேரம் அது. அக்காலத்தில் அவர் அசரியாவிடம் ஒரு கேள்வி எழுப்பியதாக அசரியாவின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. தம் மக்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தால், எந்த ஊரில் இருந்தாலும் ஒரே சபையாக, ஜாதி வேற்றுமை இன்றி இணைந்திருக்க இயலுமா என்பதே அக்கேள்வி. எடின்பரோவில் உலகத் தலைவர்கள் முன் தயங்காமல் பேசிய அசரியாவால், அதற்கு ஆம் என்று விடையளிக்க இயலவில்லை. வெட்கத்தோடு திரும்பியதாகப் பின்னர் அவரே கூறியிருக்கிறார். பொய்யாக ஓர் ஆம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திரும்பியதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

அதே காலத்தில் காந்தியடிகளுடனும் அவருக்குக் கருத்து மோதல் ஏற்பட்டது. ஒடுக்கப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவது ஆன்மிகத் தேடலால் அல்ல என்பது காந்தியின் கருத்து. ஏழைக்கும் மனசாட்சி உண்டு, தனக்கு நன்மை தருவது எது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கும் உண்டு என்பது அசரியாவின் நிலைப்பாடு. இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி ஒதுக்கிய 1932-ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பை அசரியா எதிர்த்தார். சபை என்பது ஓர் அரசியல் வாக்கு வங்கியாகச் சுருங்கினால், மதம் மாறும் ஒவ்வொருவரும் எண்ணிக்கை கூட்டும் ஒரு தலையாகவே பிறர் கண்ணுக்குத் தெரிவர். அந்தச் சந்தேகத்துக்கு இடமளிக்கக் கூடாது என்பதே அவர் கருதியது. தன் சமூகத்துக்குக் கிடைக்கும் ஆதாயத்தை வேண்டாம் என்று கூறிய சமயத் தலைவர்கள் நம் வரலாற்றில் மிகச் சிலரே.

1945 ஜனவரி 1-இல் தோர்ணக்கல்லில் அசரியா காலமானார். அவர் கனவு கண்ட இணைப்பு, நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், ஏற்கெனவே ஒன்றிணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் கலந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் அமைப்புள்ள சபையும் அது இல்லாத சபைகளும் ஒன்றானதை உலகக் கிறிஸ்தவம் வியப்புடன் நோக்கியது.

அசரியா மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் சந்தித்த நான்கு குறைகளும் இன்று எந்நிலையில் உள்ளன?

சட்டமும் அரசும் உருவாக்கிய தடைகள் இருக்கின்றன என்பது உண்மையே. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவம் தழுவிய பட்டியலினத்தவர் அத்தகுதியை இழக்கின்றனர். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இவற்றை நீதிமன்றத்திலும் சட்டப் பேரவையிலும் எதிர்கொள்வது குடிமக்களின் உரிமை. ஆனால், பட்டியலினத்துக் கிறிஸ்தவருக்கு அரசு மறுக்கும் நீதிக்காகக் குரல் எழுப்பும் சபை, அவருக்குத் தன் கல்லறைத் தோட்டத்தில் சம இடம் தருகிறதா என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. இறந்தவர்களையும் பிரிக்கும் சுவர்கள் தமிழகத்தில் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. திருமண்டலத் தேர்தல்களில் ஜாதி அணிகள் மோதுவதும், சபைச் சொத்து வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் தேங்குவதும் நாளிதழ் வாசகர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. அம்பேத்கரின் கேள்வி இன்று மீண்டும் எழுப்பப்பட்டால் விடை என்னவாக இருக்கும்?

விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ராக்லாந்து அடக்கமான சிவகாசியைச் சுற்றி, பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் ஆண்டுதோறும் உயிர்களைப் பறிக்கின்றன. இறந்தவரின் குடும்பத்துக்கு அரசின் நிவாரணம் வந்து சேரும். சில நாள்களில் செய்தி மறைந்துபோகும். தீக்காயத்துடன் பிழைத்தவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பார், பிள்ளைகளின் படிப்பு நிற்கும், வட்டிக்கடன் ஏறும். அந்த வீட்டில் எந்தச் சாமி படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல், எந்த நிபந்தனையும் விதிக்காமல், துண்டறிக்கை எதையும் கொடுக்காமல், ஆண்டு முழுவதும் உடன் நிற்கும் ஒரு சபையைப் பார்த்து அந்நிய மதம் என்று யார் கூறுவர்? வழக்குரைஞர்களும் தொலைக்காட்சி விவாதங்களும் தர முடியாத விடை அது. சத்தமாக ஒலிபெருக்கி வைத்து நடத்தும் கூட்டங்களைவிட, பாதுகாப்பு விதிகள் பற்றித் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு மாலை வகுப்பு, ஊர் மனதில் நெடுநாள் நிற்கும்.

அதேபோல், ஒரே தெருவில் நான்கு சபைகள் ஒன்றின் ஆள்களை மற்றொன்று இழுத்துக்கொள்ளும் போட்டியைக் கைவிட்டு, ஒரு பொதுப் பணியில் கைகோக்கலாம். கணக்குகளைச் சபையாரிடம் மட்டுமன்றிப் பொதுமக்களும் காணும்படி வைக்கலாம். வெளிநாட்டு நிதி பற்றிய ஐயங்களை, பிடி அரிசி தந்த அந்தத் தெலுங்குப் பெண்களைப்போல் தன் கையை ஊன்றி எழுவதன் மூலமே போக்க முடியும். இவை எவையும் புதிய யோசனைகள் அல்ல. தேரிக்காட்டிலிருந்து புறப்பட்ட ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் செய்து காட்டியவைதான்.

இந்த வரலாறு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. எந்தச் சமயமும், எந்த இயக்கமும் தன் மீது சுமத்தப்படும் குறைகளை எதிர்கொள்ளும் நேரம் வரும். குறை சொல்பவரின் நோக்கத்தை ஆராய்வது எளிது. குறையை ஆராய்வது கடினம். அசரியா கடினமானதைத் தேர்ந்தெடுத்தார். அவர் திறந்துவிட முயன்ற கதவுகளில் சில திறந்தன. சில இன்னும் மூடியே இருக்கின்றன. மூடியிருப்பவற்றின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது என்பதை உணர்வதே திருச்சபைகள் அவருக்குச் செலுத்தும் உண்மையான மரியாதையாக இருக்கும்.

(ஆகஸ்ட் 17 பேராயர் வே.ச. அசரியாவின் பிறந்தநாள்.)